சேந்தன் சொல்லாத சொல்

1

ஆண்டுக்கொரு முறை எனக்கு ஒரு படிவம் வருகிறது. வெல்லிங்டன் நகரத்து மருத்துவமனைகளிலும் நீதிமன்றங்களிலும் ஆங்கிலம் அறியாத தமிழருக்கும் தமிழ் அறியாத அலுவலருக்கும் நடுவே அமர்ந்து, ஒருவர் பேச்சை மற்றவருக்கு எடுத்துச் சொல்வது என் தொழில். அதைத் தொடர விரும்புவோர் ஆண்டுதோறும் ஓர் உறுதிமொழியில் கையொப்பமிட வேண்டும். ‘கேட்டதைக் கேட்டவாறே சொல்வேன், எதையும் கூட்டேன், குறையேன், மாற்றேன்’ என்பது அதன் சாரம். பதினான்கு ஆண்டுகளாக, படிவம் வந்த அன்றே கையொப்பமிட்டு அனுப்பிவிடுவது என் வழக்கம். இவ்வாண்டு அது பதினொரு நாளாக உணவு மேசையின்மீது, உப்புச் சிமிழின் அடியில் கிடக்கிறது.

இத்தொழிலுக்கு நான் வந்த கதை சற்று வேடிக்கையானது. என் மனைவி செவிலி. அவளுடைய வேலையைப் பின்தொடர்ந்தே இந்நாட்டுக்கு வந்தேன். என் புலவர் பட்டத்தை ஏற்க வேண்டுமானால் அதை ஏற்புபெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஆங்கிலத்தில் தரவேண்டும் என்றது ஓர் அலுவலகம். ஏற்புபெற்ற தமிழ் மொழிபெயர்ப்பாளர் யார் என்று கேட்டேன். இந்நகரில் எவரும் இல்லை; விரும்பினால் நீங்களே தேர்வெழுதி ஆகலாம் என்றார்கள். எழுதினேன், தேறினேன். பிறகு என் பட்டத்தை நானே மொழிபெயர்த்து நீட்டியபோது, தம் சான்றிதழைத் தாமே பெயர்ப்பது விதிக்குப் புறம்பு என்று திருப்பித் தந்தார்கள். அப்பட்டம் இன்றுவரை இந்நாட்டில் செல்லாது. அதற்கு மாறாக என் வாய்ச்சொல் செல்லும்.

அதில் எனக்குப் பெருமை இருந்தது. சென்ற ஆண்டு, நோய் முற்றிய முதியவர் ஒருவரின் மகன் மருத்துவர் அறைக்கு வெளியே என் கையைப் பற்றிக்கொண்டான். “அண்ணா, டாக்டர் சொல்றத அப்பாகிட்ட கொஞ்சம் கம்மியாச் சொல்லுங்கண்ணா” என்று கெஞ்சினான். ஒரு சொல்லையும் மாற்ற எனக்கு உரிமையில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய், மருத்துவர் சொன்னதை அப்படியே சொன்னேன். வீடு திரும்பி, மனைவியும் மகளும் கேட்க, இதை ஓர் அறச்செயல்போல் விரித்துரைத்தேன். அந்தப் பேச்சை என் மகள் மறக்கவில்லை என்பதை அண்மையில்தான் அறிந்தேன்.

2

சங்கராபுரம் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் அன்வர் பாய் தொலைக்காட்சி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். அரசுத் தொலைக்காட்சி அந்நாளில் ஞாயிறு காலைகளில் ஓர் ஆங்கில அறிவியல் புனைவுத் தொடரை ஒளிபரப்பியது. ‘நெடுவழி’ என்று நான் அதற்குப் பெயரிட்டேன். விண்வெளியில் வழிதவறிய ஒரு கலம், அதன் தலைவர், அவருடைய குழுவினர், வாரத்துக்கொரு கோள், இவ்வளவே கதை. கலங்களையும் தலைவர்களையும் மாற்றிக்கொண்டு அத்தொடர் இன்றளவும் உலகெங்கும் வந்துகொண்டிருக்கிறது.

பழுது நீங்கிய பெட்டியைச் சில மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்த பின்னரே உரியவரிடம் தருவது அத்தொழிலின் முறை. அன்வர் பாய் அம்முறையைச் சற்று நீட்டிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை சீரான பெட்டியும் ஞாயிறு கழியும்வரை கடையைவிட்டு நகராது. ஆகவே வாரந்தோறும் நாங்கள் பார்த்தது வெவ்வேறு வீட்டுப் பெட்டி.

“போன வாரம் நல்லா செவப்பா இருந்தாரு தலைவரு. இந்த வாரம் இன்னா பாய், நீலமாயிட்டாரு?” என்று யாரேனும் கேட்பார்கள்.

“அது மணலூர்பேட்டை செட்டுப்பா, டியூப் வீக்கு. அடுத்த வாரம் திருக்கோவிலூர் செட்டு வருது. அதுல பாரு, மாப்பிள்ள மாதிரி இருப்பாரு” என்பார் அன்வர் பாய்.

நான் அவ்வூர்ப் பள்ளியொன்றில் தற்காலிகத் தமிழாசிரியன். கடையில் கூடுவோரில் ஆங்கிலம் அறிந்தவன் நான் ஒருவனே. அறிந்தவன் என்பதும் மிகை. அவர்கள் பேசும் வேகத்தில் நான்கு சொற்றொடருக்கு ஒன்று விளங்கும். ஆயினும் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு என்னை அமர்த்தினார்கள். திரையில் பேசப் பேச நான் தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன். பிறமொழிப் பெயரை நாவால் தீண்டுவதில்லை என்னும் செருக்கு அன்று எனக்கு உண்டு. எனவே தலைவருக்குச் சேந்தன் என்றும், கோள்களில் இறங்கிப் பாறைகளை ஆராயும் இளைஞனுக்குப் பூதன் என்றும் பெயர் சூட்டினேன். கடையிலிருந்தோர்க்கு அவர்கள் கடைசிவரை சேந்தனும் பூதனுமே.

தொடர் முடிந்து செய்தி தொடங்கியதும் வழக்காடல் தொடங்கும். கலம் வீடு திரும்ப வேண்டும் என்று ஒரு கட்சி. இன்னும் தொலைவு போகவேண்டும் என்று மற்றொரு கட்சி. “வூட்டுக்குப் போயிட்டா அப்பறம் இன்னாத்தப் பாக்கறது? சாணி வாரிக்கினு இருப்பாரா தலைவரு?” என்று ஒருவர் கேட்க, “ஒனக்கு வூடு புடிக்கலன்னா சேந்தன இன்னாத்துக்கு அலைய வுடற?” என்று அன்வர் பாய் மடக்குவார். அவர் எப்போதும் வீடு திரும்பும் கட்சி. இரு கட்சியும் முடிவில் என்னிடம்தான் வரும். “பொலவரே, நீங்க சொல்லுங்க. தலைவரு மனசுல இன்னா கீது?” அவர் மனத்தில் இருப்பதை நான் அறிவேன் என்று அவர்கள் நம்பினார்கள். அந்நம்பிக்கை இனித்தது.

3

வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து கடுக்காயும் புளியும் கொண்டுவந்து விற்பவர் பொன்னன். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் கடை வாயிலில் நின்று பார்ப்பார். அவருக்குப் பூதனைப் பிடிக்கும். “நம்மாளு. மலையேறத் தெரிஞ்ச காலு, பாத்தாலே தெரீது” என்பார். பொன்னனின் தம்பி, மேஸ்திரி ஒருவரோடு காடு வெட்டும் வேலைக்கு ஆந்திரப் பக்கம் போனவன். உடன் போனவர்கள் ஒரு விடியலில் திரும்பி வந்தார்கள், தம்பி வரவில்லை. எங்கே விட்டீர்கள் என்று கேட்டதற்கு ஆளுக்கொரு விடை சொன்னார்கள். இது கடையில் எல்லாரும் அறிந்த செய்தி.

அந்த ஞாயிறு, மலைகள் நிறைந்த ஒரு கோளில் பூதன் தனியே அகப்பட்டுக்கொண்டான். எதிரிகள் நெருங்குகிறார்கள். கலம் உடனே கிளம்பவேண்டும். கதவு மூடிக்கொள்கிறது, கீழே பூதன் கையில் ஒரு விளக்குடன் நிற்பது தெரிகிறது. தலைவர் அதைப் பார்த்தபடி தாழ்ந்த குரலில் இரண்டு சொற்றொடர் சொன்னார். திரை இருண்டது.

அவ்விரண்டு சொற்றொடரும் எனக்கு நன்றாக விளங்கின. நான்கில் ஒன்றே விளங்கும் என்று மேலே சொன்னேன்; அந்த இரண்டும் விளங்கிய வகையைச் சேர்ந்தவை. ‘ஆபத்தை அறிந்தே வந்தான். கலத்தைத் திருப்புங்கள்.’ வேறொன்றும் இல்லை.

“இன்னா வாத்தியாரே சொன்னாரு?” என்று வாயிலிலிருந்து பொன்னன் கேட்டார். சாக்கு இன்னும் அவர் தோளில் இருந்தது. “தலைவரு அவருகிட்ட இன்னா சொன்னாரு?”

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“‘பூதா, விளக்கை அணைக்காதே. நான் திரும்பி வருவேன். எத்தனை ஆண்டு ஆனாலும் உன்னை விட்டுவிட்டு வீடு போகமாட்டேன்’ என்கிறார்” என்றேன்.

யாரோ சீழ்க்கையடித்தார்கள். அன்வர் பாய் தூசியே இல்லாத திரையைத் துணியால் துடைக்கத் தொடங்கினார். பொன்னன் சாக்கை இறக்கி வைத்தார்.

“அப்ப செரி” என்றார்.

இரக்கத்தால் சொன்னேன் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். முதற்பொய்க்கு அது பொருந்தலாம். அடுத்த வாரம் சேந்தன் சாளரத்தருகே வாளா நின்றபோது, ‘பூதனை நினைக்கிறார்’ என்றேன், கைதட்டினார்கள். அதற்கடுத்த வாரம் அவர் முணுமுணுத்தபோது பூதனின் பெயரை அவர் வாயில் வைத்தேன். அவை எவருடைய துயரத்துக்காகவும் சொன்னவை அல்ல. முக்காலியின்மீது இருந்தவனுக்காகச் சொன்னவை. பொன்னன் விற்கச் சரக்கு இல்லாத ஞாயிறுகளிலும், இரண்டு பேருந்து மாறி வரத் தொடங்கினார்.

ஒரு நாள் தொடரை நிறுத்திவிட்டு வேறொன்றைப் போட்டார்கள். பூதன் மீளவில்லை. “அடுத்த தொடரில் கட்டாயம் வருவார்” என்று சொல்லி வைத்தேன். சில ஆண்டு கழித்து நான் புறப்பட்டபோது பேருந்து நிலையம்வரை வந்த அன்வர் பாய், “சேந்தன் மாதிரி திரும்பி வந்துடணும் பொலவரே” என்றார். வருவேன் என்றேன். இடையில் இருமுறை தாயகம் போனேன். இருமுறையும் சென்னையிலேயே வேலை முடிந்தது என்று சொல்லித் திரும்பிவிட்டேன். அன்வர் பாயோடு எப்போதேனும் தொலைபேசியில் நலம் விசாரிப்பதோடு சரி.

4

என் மகள் யாழினிக்கு இப்போது பத்தொன்பது அகவை. அவளுடைய தமிழில் உயர்திணை அஃறிணை வேறுபாடு கரைந்துபோயிற்று. முன்பு திருத்துவேன், திருத்தத் திருத்த அவள் என்னோடு பேசுவது குறைந்தமையால் திருத்துவதைக் கைவிட்டேன். எங்களுக்குள் எஞ்சியிருந்த பொதுப்பொருள்களில் ஒன்று இத்தொடர். இந்நாட்டில் பிறந்து, தானாகவே அதற்கு ஆட்பட்டாள். ஆயினும் என்னிடமிருந்து அவள் பெற்றதாகச் சொல்ல இஃதொன்றாவது உண்டே என்று நான் உள்ளூர மகிழ்ந்ததுண்டு.

இவ்வாண்டு அத்தொடரின் புதிய பகுதி வெளியாயிற்று. முதற்றொடரின் தலைவரையே முதுமைக் கோலத்தில் மீண்டும் கொண்டுவந்து, அவருடைய கலத்தை வீடு நோக்கித் திருப்பினார்கள். உலகெங்குமுள்ள சுவைஞர்கள் இரு பிரிவாயினர். இணையத்தில் அவர்கள் கூடி வழக்காடும் மன்றத்தில் யாழினி பக்கம் பக்கமாக எழுதினாள். “வீட்டுக்குப் போனா கதை செத்துடும் அப்பா. தெரியாத இடத்துக்குப் போறதுதான் அதோட பாயிண்ட்டே” என்றாள். சந்துக் கடையில் கேட்ட அதே வழக்கு. நான் சிரித்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலையுணவின்போது கைப்பேசியோடு வந்தாள். “அப்பா, இங்க ஒரு அங்கிள் இருக்கு. இந்தியாவுல. சரியான காமெடி. யாருமே பாக்காத எபிசோட இது மட்டும் பாத்திருக்கு.”

கருவி மொழிபெயர்த்த கரடுமுரடான ஆங்கிலத்தில் இருந்த அப்பதிவைப் படித்தேன். அதன் பொருள் இது: ‘நான் டிவி மெக்கானிக். முதல் தொடரை முழுவதும் பார்த்தவன். தலைவர் சேந்தன் பூதனுக்கு வாக்குக் கொடுத்தார். இப்போது அந்தக் கோளைக் கடந்து போகிறார். கலத்தை நிறுத்தவில்லை, பூதன் பெயரைக்கூடச் சொல்லவில்லை. வீடு திரும்புவது சரி. ஒருத்தனை விட்டுவிட்டு வந்தால் அது என்ன திரும்புவது?’

கீழே ஒருவர், இவர் எந்த உலகத்துத் தொடரைப் பார்த்தார் என்று கேட்டிருந்தார். மற்றொருவர் அந்தப் பழைய காட்சியையே எடுத்து ஒட்டி, தலைவரின் இரண்டு சொற்றொடர்களையும் பெரிய எழுத்தில் இட்டிருந்தார். அதற்கும் அவர் அசையவில்லை. ‘அது வெட்டிப் போட்ட படம். எங்களுக்குச் சொன்னவர் தமிழ்ப் புலவர். இன்று நியூசிலாந்தில் அரசாங்கத்துக்கே மொழிபெயர்த்துச் சொல்பவர். தன் காதால் கேட்டவர். அவரை அழைத்து வருகிறேன்’ என்று விடையிறுத்திருந்தார். அதன்கீழ்ச் சிரிக்கும் முகங்கள் வரிசையாக நின்றன.

என் மகளின் சிரிப்பு நின்றிருந்தது.

“சேந்தன், பூதன்” என்றாள் மெல்ல. “சின்ன வயசுல நீ எனக்குச் சொன்ன கதையில வருவாங்களே அப்பா. அவங்களா?”

தட்டைக் கழுவ எழுந்து போனேன்.

5

இரண்டு நாள் கழித்துப் பிற்பகலில் அழைப்பு வந்தது. அங்கே காலை, பேருந்து நிலையத்து இரைச்சல் கேட்டது.

“பொலவரே! நல்லாக்கீறீங்களா? ஊட்ல, பாப்பா எல்லாம் சொகமா?” என்று தொடங்கிய அன்வர் பாய், நேரே செய்திக்கு வந்தார். “எல்லாரும் சேந்துக்கினு நம்மள பொய் சொல்றான்னு சிரிச்சிக்கினு இருக்கானுங்க. கடையில பசங்ககூட கிண்டல் பண்றானுங்க. நீங்க வந்து ஒரே ஒரு வார்த்த எழுதுங்க, போதும். உங்களுக்கு அங்க கவர்மெண்ட்டே சீலு குடுத்திருக்குதே!”

“பாய், அதெல்லாம் ரொம்பக் காலம் ஆயிடுச்சு” என்றேன். “எனக்குச் சரியா நினைவில்லை.”

“வெளக்க அணைக்காதன்னு சொல்லுவாரே, அதுகூடவா?”

“இல்ல பாய். நினைவில்லை.”

‘கள்ளக்குறிச்சி, கள்ளக்குறிச்சி’ என்று ஒரு நடத்துநர் கூவுவது மட்டும் கேட்டது.

“செரிங்க” என்றார் பிறகு. “அப்ப நான்தான் வேற எதயோ நெனச்சிக்கினு எழுதிட்டேன் போல. கட வேல ஜாஸ்தி அப்பல்லாம். நடுவுல உங்க பேர வேற இழுத்துட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க பொலவரே.”

திரும்பியபோது யாழினி கதவருகே நின்றிருந்தாள்.

அன்று மாலையே அன்வர் பாய் மன்றத்தில் எழுதிவிட்டார். யாழினிதான் வாசித்துக் காட்டினாள். ‘நான் தவறாகக் கேட்டுவிட்டேன். என் நண்பர்மீது பிழையில்லை. எல்லாரும் மன்னிக்கவும்.’ வாசித்து முடித்துக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

“ஆஸ்பத்திரியில ஒரு வார்த்தைகூட மாத்தமாட்டேன்னு சொன்னியே அப்பா” என்றாள். மாடிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் அஞ்சலில் அப்படிவம் வந்தது.

6

படிவம் வந்த பத்தாம் நாள் நானே அழைத்தேன். சுற்றி வளைக்கவில்லை. நன்றாக நினைவிருக்கிறது என்றும், அன்று தலைவர் சொன்னது எனக்கு விளங்கியது என்றும், வாக்குறுதி நான் கட்டியது என்றும் சொன்னேன். மன்றத்திலும் என் பெயரிட்டு எழுதிவிடுகிறேன் என்றேன்.

“அப்ப நெசமா இன்னாதான் சொன்னாரு?” என்று கேட்டார் அன்வர் பாய்.

“‘ஆபத்து தெரிஞ்சேதான் வந்தான். கலத்தைத் திருப்புங்க.’”

“அவ்ளோதானா?”

“அவ்வளவுதான் பாய்.”

“அப்ப சிரிச்சவனுங்க கரெக்டாத்தான் சிரிச்சிருக்கானுங்க” என்றார். அதில் நகைப்பு இருந்தது; எனக்கு அது வசவைவிடக் கடுமையாகப் பட்டது. “என்ன வுடுங்க. நான் ரிப்பேர்காரன். ஒடஞ்சத ஒட்டிக்குவேன். பொன்னன் கீறாரே, அவரு?”

பொன்னன் உயிரோடிருப்பதையே அப்போதுதான் அறிந்தேன். முப்பதாண்டாக நான் கேட்டதில்லை.

“இன்னும் மலையிலேர்ந்து எறங்குனா கடைக்குத்தான் வருவாரு” என்றார் பாய். “தம்பி பேச்சு வந்தா இன்னா சொல்வாரு தெரீமா? ‘சும்மா வுட்டுட்டு வந்திருக்க மாட்டாங்க பாய், வரேன்னு சொல்லிட்டுத்தான் வந்திருப்பாங்க, அந்த டிவி ஆளு சொன்ன மாதிரி’ம்பாரு. புது ரேஷன் கார்டு குடுக்கறப்பல்லாம் தம்பி பேரும் அதுல இருக்கணும்னு தாலுக்கா ஆபீசுக்கு நடந்துக்கினு இருக்காரு. ஆளு எங்கன்னு கேக்கறாங்க. வருவான், எழுதுங்கன்றாரு.”



“பாய், நீங்க பக்குவமா அவர்கிட்ட எடுத்துச் சொல்லிடுங்களேன்” என்றேன். மருத்துவர் அறை வாயிலில் என் கையைப் பற்றிக் கெஞ்சியவன், இறக்கப்போகும் தந்தைக்காகக் கெஞ்சினான். நான் எனக்காகக் கெஞ்சினேன்.

“நான் சொல்லமாட்டேன்” என்றார் அன்வர் பாய். இதுவரை அவரிடம் கேட்டறியாத குரல். “நான் சொன்னா ஒண்ணு ஜாஸ்தி பண்ணிடுவேன், இல்ல கம்மி பண்ணிடுவேன். நீங்கதான ஸ்டூல்ல குந்திக்கினு சொன்னீங்க? நீங்களே வந்து சொல்லுங்க.” சற்று நிறுத்தி, “எப்ப வர்றீங்க?” என்றார்.

‘வரும் தைக்கு’ என்னும் சொல் பழக்கத்தால் நாவின் நுனிக்கு வந்துவிட்டது. எத்தனையோ பேருக்குச் சொன்ன சொல், தடையின்றி வரும். அதை விழுங்கினேன்.

“தெரியல பாய்” என்றேன்.

“அது ஒண்ணாவது நெசம்” என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார்.

மன்றத்தில் அன்றே எழுதினேன். பிழை அவருடையதன்று, என்னுடையது; அவர் கேட்டதையே சொன்னார்; கேட்கச் செய்தவன் நான் என்று மூன்று வரி. வழக்கு அதற்குள் வேறு பொருளுக்கு நகர்ந்திருந்தது. அடுத்த தலைவர் யாராகலாம் என்று வழக்காடிக்கொண்டிருந்தார்கள். என் வரிகளுக்கு எவரும் விடை எழுதவில்லை. யாழினி படித்திருக்கிறாள் என்பதை மட்டும், இன்று காலை அவள் உப்பை எடுத்துவிட்டுச் சிமிழை அப்படிவத்தின்மீது வைக்காமல் தள்ளி வைத்ததிலிருந்து அறிந்தேன்.

பயணச்சீட்டு எடுத்துவிட்டேன் என்று எழுதி இக்குறிப்பை முடித்தால் படிப்பவர்க்கு நிறைவாக இருக்கும். முக்காலியில் அமர்ந்திருந்த காலமாயின் அப்படித்தான் முடித்திருப்பேன். இன்னும் எடுக்கவில்லை.